திறக்கக் கூடாத பிரேக்

எங்கள் பிரஸ் ஷாப்பில் ஐந்து பெரிய பிரஸ்கள் சோவியத் யூனியனிலிருந்து வந்தவை. இரும்புத் தகட்டை அச்சின் மேல் வைத்தால், மேலேயிருந்து ஒரு கனத்த தலை இறங்கி ஒரே அடியில் அதை வடிவமாக்கும். அந்தத் தலையை ஒவ்வொரு அடிக்குப் பிறகும் உச்சியில் பிடித்து நிறுத்துவது பிரேக். அந்த பிரேக்கைத் திறக்கக் கூடாது என்பது ஷாப்பின் சட்டம். எங்கும் எழுதப்படாத சட்டம்தான். ஆனால் தொழிற்சாலைச் சுவர்களில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருந்த எல்லாப் பாதுகாப்பு விதிகளையும்விட அதற்கு மரியாதை அதிகம்.

அது எப்படி வந்தது என்று நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மெஷின்களோடு அந்த நாட்டு நிபுணர்களும் வந்து, பெங்களூரில் சில மாதங்கள் தங்கி, எல்லாவற்றையும் நிறுவிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது, உத்தரவாதக் காலம் முடியும்வரை பிரேக்கைத் திறக்காதீர்கள், அவசியமானால் நாங்களே வந்து திறப்போம் என்று சொன்னார்கள். உத்தரவாதக் காலம் முடிந்தது. அவர்கள் வரவில்லை. பிறகு அந்த நாடே இல்லாமல் போனது. தடை மட்டும் இருந்துகொண்டிருந்தது. வருஷங்கள் போகப் போக அது பெருமையாகவும் ஆகிவிட்டது. டில்லியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தால், அந்த வரிசையின் முன் நிறுத்தி, “வந்த நாளிலிருந்து இதுங்க பிரேக்கைத் திறந்ததே இல்லை சார்” என்று சொல்வார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் என் அப்பா.

அப்பா அந்த ஷாப்பின் மெயின்டனன்ஸ் சார்ஜ்மேன், பராமரிப்பு வேலைகளுக்கு மேற்பார்வையாளர். தொழிற்சங்கத்தின் ஷாப் பிரதிநிதியும் அவர்தான். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் அவரைக் கட்சிக்காரர் என்றுதான் சொல்வார்கள், கம்யூனிஸ்ட் கட்சி. கோயிலுக்குப் போகமாட்டார். ஆயுத பூஜை அன்று மட்டும் காலையிலேயே மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் போய், பெரிய சிவப்பு மாலை ஒன்றைத் தன் காசில் வாங்கிவந்து, நடு பிரஸ்ஸுக்குத் தானே போடுவார். மற்ற மெஷின்களுக்குக் கம்பெனி மாலை. “சாமிக்குப் போடல, செஞ்ச தொழிலாளிக்குப் போடறேன்” என்பார். அதற்கு முந்தின வாரம் வெளிப்புறம் முழுக்கப் புதுப் பச்சை பெயின்ட் அடிக்க வைப்பார். அதனால் அந்த மெஷின்கள் பார்க்க எப்போதும் நேற்று வந்தவை போலவே இருக்கும்.

பொறியியல் முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் நான் அதே தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். அதிகாரி வகுப்பு. முதல் நாள் ஷாப்புக்குள் நுழைந்தபோது அப்பா எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, “குட் மார்னிங் மேடம்” என்றார். ஷாப்பே சிரித்தது. அன்றிலிருந்து தொழிற்சாலைக்குள் நான் மேடம், வீட்டில் கண்ணு.

நடு பிரஸ்ஸில் வேலை செய்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்கு அடுத்த சந்தில் இருந்தார். அவரும் அந்த வரிசையின் மற்ற ஆபரேட்டர்களும் வேலை செய்யும் முறையில் ஒரு விசேஷத்தை, வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே கவனித்தேன். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும், தலை இறங்கும், அடிக்கும், மேலே ஏறும். ஏறி நின்ற உடனே கையை உள்ளே விட்டு அடித்த பீஸை எடுக்கலாம். ஆனால் இவர்கள் உடனே எடுப்பதில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுவார்கள். அதன் பிறகே கை உள்ளே போகும். புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

“ஏன் மாமா?” என்று கேட்டேன்.

“அது மேல போயி கொஞ்சம் நழுவும் பாப்பா. நிக்கலாமா வேணாமான்னு யோசிக்கும். பெரிய மெஷினு, பெரிய மனுசங்க மாதிரி. யோசிச்சு முடிக்கட்டும்னு உட்டுடுவோம்.”

நழுவுகிறது என்று அவர் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அப்பா வெளியே இருக்கும் நட்டை ஒரு திருப்பு திருப்பி இறுக்கினார். “இப்ப நழுவாது மேடம்” என்றார். இரண்டு வாரம் நழுவவில்லை. பிறகு நழுவியது. மீண்டும் திருப்பினார். பல வருஷங்களாக அதுதான் அங்கே மெயின்டனன்ஸ்.

மூச்சு ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. அதை எடுத்தது வேறு ஆட்கள்.

அரசாங்கம் தன் தொழிற்சாலைகளை இனி நீங்களே சம்பாதித்துச் சாப்பிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்திருந்த காலம் அது. நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு ஆலோசனைக் கம்பெனியைக் கூப்பிட்டது. டை கட்டிய இளைஞர் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து ஆபரேட்டர்கள் பக்கத்தில் நின்றார். தகடு வைப்பது, பொத்தான் அழுத்துவது, அடி, எடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தார். நடுவில் எந்தப் பெயரும் இல்லாத ஒரு நேரம் இருந்தது. ‘வீண்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். புதிய இலக்கு அந்த வீண் இல்லாமல் கணக்கிடப்பட்டது. சங்கம் மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டது, இதற்குப் போடவில்லை. போட வேண்டுமானால் மெஷின் நழுவுகிறது என்று சொல்ல வேண்டும். அதை அப்பா சொல்லமாட்டார்.

புதிய இலக்கு வந்த சில வாரங்களில் மாமாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். “கட்டை வெரல உட்டுட்டு போச்சு பாப்பா. சம்பளத்துக்குக் கைநாட்டு வெச்சிக்கலாம்.” அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: “நான் பொத்தானைக் கட்டல. ரெண்டு கையும் பொத்தான்லதான் இருந்திச்சு. அது மேல போயிடுச்சு, நான் பீஸ் எடுக்கப் போனேன், மறுபடி வந்துடுச்சு. நீயாச்சும் நம்பு.”

பொத்தானைக் கட்டுவது என்றால், ஒரு பொத்தானை ரப்பர் டியூபால் அழுத்திக் கட்டிவிட்டு ஒரு கையாலேயே ஓட்டுவது. வேகமாக முடிக்க நினைக்கிற சிலர் செய்வதுண்டு. மாமா அப்படிக் கட்டினார் என்று நிர்வாகம் குற்றப்பத்திரிகை கொடுத்தது. கட்டிய டியூபை யாரும் பார்க்கவில்லை. ஆனால் வேறு எப்படிக் கை போகும்? மெஷின் சரியாகத்தானே இருக்கிறது.

நிர்வாகம் செய்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. வீட்டில் அப்பா பேசியதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

“ஒத்துக்கச் சொல்லிட்டேன்” என்றார், தட்டில் கை வைத்தபடியே. “கட்டினேன்னு ஒத்துக்கிட்டா வேலைய உட்டு எடுக்கமாட்டாங்க. பேசி முடிச்சிட்டேன். ஸ்டோர்ஸ்ல உட்கார வைப்பாங்க.”

“அவர் கட்டலப்பா.”

“அப்ப எப்படி வந்துச்சு?”

“நழுவி வந்துச்சு.”

“கண்ணு, லாபத்துக்குச் செஞ்ச மெஷின் தொழிலாளி கைய வெட்டும். இது தொழிலாளியே ஆண்ட நாட்டுல தொழிலாளி செஞ்ச மெஷின். அது ஏன் இன்னொரு தொழிலாளி கைய வெட்டப்போவுது?”

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷங்களுக்கு மேல் கையில் ஸ்பானர் பிடித்த மனிதர். நட் ஏன் தளர்கிறது, பேரிங் ஏன் சூடாகிறது என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிந்தவர். இதற்கு மட்டும் அவர் மெஷினைப் பார்க்காமல் அது வந்த ஊரைப் பார்த்தார்.

நிர்வாகம் மெஷினைச் சீக்கிரம் ஓட்ட நினைத்தது. கன்னடம் கலந்த தமிழில் பேசுகிற எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “நோடம்மா, விசாரணைக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். மெஷின் சரியா இருக்குன்னு பார்த்து கையெழுத்துப் போட்டுடு. ஆமேல ஓடட்டும்.”

“பிரேக்கைத் திறந்து பார்த்துப் போடறேன் சார்.”

“திறக்கணுமா?” அவர் கண்ணாடிக் கதவு வழியாக ஷாப்பை எட்டிப் பார்த்தார். “உன் அப்பாகிட்ட நீயே கேளம்மா.”

அப்பாவிடம் கேட்கவில்லை, சொன்னேன். அவர் பிரஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். சுற்றி ஆட்கள்.

“திறக்கறதுக்கு இல்ல மேடம் அது.”

“திறக்காம கையெழுத்துப் போட முடியாது.”

“போடாதீங்க. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் போட்டிருக்காங்க.”

“அதனாலதான் சார்ஜ்மேன் சார் மூணு வெரல் போயிருக்கு.”

பின்னால் யாரோ “அய்யோ” என்றார்கள். பழைய ஃபிட்டர் ஒருவர், “அப்பனும் மகளும் வூட்டுல பேசிக்கங்கப்பா, இங்க ஆஸ்பத்திரி வேணாம்” என்று சொல்ல, சிலர் சிரித்தார்கள். நானும் அப்பாவும் சிரிக்கவில்லை. வார விடுமுறை நாளில் திறப்பது என்று முடிவானது. இரண்டு ஃபிட்டர்கள் என்னோடு வந்தார்கள். அப்பாவும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு தூரமாக நின்றார்.

மேல் மூடியைக் கழற்ற வெகுநேரம் ஆனது. வருஷா வருஷம் அடித்த பச்சை பெயின்ட் போல்ட்டுகளை மூடித் தோலாக ஆகியிருந்தது. உளியால் உரித்தோம். உள்ளே பிரேக் தட்டு. அதைச் சுற்றி வட்டமாக எட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கனத்த ஸ்பிரிங் உட்கார்ந்து தட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த அழுத்தம்தான் பிரேக்.

எட்டுக் குழிகளில் ஆறில் ஸ்பிரிங் இருந்தது. இரண்டு காலி.

உடைந்து விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். துண்டுகள் எங்கும் இல்லை. டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து வெளியே அனுப்புமுன் இரும்புக்கு அடிக்கிற சிவப்பு அடிப்பூச்சு, காலியான குழிகளின் அடியில் அப்படியே வழவழவென்று இருந்தது. ஸ்பிரிங் இருந்த ஒரு குழியில் அதைக் கழற்றிப் பார்த்தேன். அங்கே பூச்சு வட்டமாகத் தேய்ந்து இரும்பு பளபளத்தது. காலிக் குழிகளில் ஒரு நாளும் ஸ்பிரிங் உட்காரவே இல்லை. மெஷின் அப்படியேதான் கப்பல் ஏறியிருக்கிறது.

அதைவிட என்னைக் கோபப்படுத்தியது காலிக் குழிகள் இருந்த இடம். இரண்டும் நேர் எதிர் எதிரே இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விடுபட்டிருந்தால் தட்டு ஒரு பக்கம் சாயும், சோதனை ஓட்டத்திலேயே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்திருக்கும். எதிரெதிரே விட்டால் சமமாக நிற்கும், யாருக்கும் தெரியாது. ஆகவே இது மறதி இல்லை. கையில் ஆறு மட்டுமே இருந்த ஒருவன், ஆறை எப்படி வைத்தால் எட்டு மாதிரி ஓடும் என்று தெரிந்த ஒருவன், யோசித்துச் செய்த வேலை. நல்ல வேலைக்காரன். அந்த அறிவையெல்லாம் எங்கள் ஷாப்பில் ஒருவர் கையை வெட்டுவதற்குச் செலவு செய்திருந்தான்.

அப்பா மெல்ல வந்து எட்டிப் பார்த்தார். விரலைக் குழிக்குள் விட்டுத் தடவினார். பிறகு, “அடுத்ததத் திறங்க” என்றார்.

அடுத்த பிரஸ்ஸையும் திறந்தோம். எட்டும் இருந்தன. புதிது போல. அப்பாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியா!” என்றார், ஷாப்புக்குள் மேடத்தை மறந்து. “பாத்தியா, எட்டும் கீது!”

“பாத்தேன். அப்போ இதுல மாமா நின்னிருந்தா வெரல் இருந்திருக்கும். அதுல நின்னாரு, போச்சு. இதுக்கு என்னப்பா பேரு?”

பதிலை நானே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் திட்டமிட்டுத்தான் செய்வோம், எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடமாட்டோம் என்று உலகத்துக்கே சொன்ன ஒரு நாடு, எங்களுக்கு அனுப்பியது குலுக்கல் சீட்டு.

அந்த வாரமே அந்த நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு காலத்தில் அங்கே பெரிய தொழிற்சாலை ஒன்றில் அசெம்பிளி எஞ்சினியராக இருந்தவர். இப்போது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பழைய மெஷின்களுக்கு உதிரிப் பாகங்கள் விற்க ஊர் ஊராக அலைந்தார். மேனேஜர் அவரை எங்களிடம் அனுப்பினார். உயரமான, களைத்த மனிதர். கேன்டீனில் உட்கார்ந்து, எங்கள் காபியில் இன்னும் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தார். அப்பாவும் வந்து எதிரில் உட்கார்ந்தார். அந்த நாட்டு மனிதர் ஒருவரோடு உட்கார்ந்து பேச அவருக்கு உள்ளூர ஆசை. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

நான் பிரேக்கைப் பற்றிச் சொன்னேன். அவருடைய ஆங்கிலமும் எங்களுடையதும் தட்டுத் தடுமாறி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

“எட்டில் எத்தனை இருந்தது?” என்று கேட்டார்.

“ஆறு.”

“ஆறா?” புருவத்தை உயர்த்தினார். “அப்படியானால் அது நல்ல மாதம்.”

அவர் சிரித்தார், நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு எளிமையாக விளக்கினார். மாதத்தின் முதல் பாதியில் பாகங்கள் வராது, சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வாரத்தில் எல்லாம் சேர்ந்து வரும், அதிலும் பாதி வராது. மாதம் முடியுமுன் இத்தனை மெஷின் வெளியே போக வேண்டும் என்பது மேலிடத்துத் திட்டம். அப்போது எது கையில் இருக்கிறதோ அதைப் போட்டு, மூடி, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். மேலிடம் மெஷினை எண்ணும், ஸ்பிரிங்கை எண்ணாது. எண்ணிக்கை குறைந்தால் ஷாப்பில் எல்லாருக்கும் ஊக்கத்தொகை போகும், தலைவருக்கு வேலை போகும். ஸ்பிரிங் குறைந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது.

“யாருக்குமா?” என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். “எங்கள் ஊரில்” என்று திருத்திக்கொண்டார். “எங்கள் ஆட்களும் கையை இழந்திருக்கிறார்கள். அவர்களும் கவனக்குறைவு என்றுதான் எழுதினார்கள்.”

அப்பாவுக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். மீதியை என்னிடம் கேட்டார். வார்த்தை குறையாமல் சொன்னேன். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அந்த அரசாங்கத்துச் சம்பளத்துல வளந்தவன், இப்ப பொட்டி தூக்கி வித்துகினு அதையே திட்டறான். துரோகின்னு சொல்லு அவன்கிட்ட.” நான் சொல்லவில்லை. அந்த மனிதர் அப்பாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். காபிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டார்.

கட்டினேன் என்று மாமா ஒத்துக்கொள்ளாததால் அவருடைய விசாரணைக்கு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞர்தான் விசாரணை அதிகாரி. நான் குழிகளைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தேன். எனக்கு முன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, சங்கத்தின் வாசல் கூட்டங்களில் பேசும் குரலில், கன்னடத்தில் சொன்னார்: ஆபரேட்டர் மேல் தவறு இல்லை, பிரேக் பலவீனமாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அவர் தொடர்ந்தார். மெஷின் வந்து இறங்கியபோது, நிபுணர்கள் அதை நிறுவத் தொடங்குவதற்கு முன், கடல் ஈரத்தில் பிடித்த துருவைத் துடைக்க அந்த பிரேக்கைத் தான் ஒருமுறை திறந்ததாகவும், மூடும்போது இரண்டு ஸ்பிரிங்குகளைப் போட மறந்துவிட்டதாகவும் சொன்னார்.

பொய். அந்தக் குழிகளில் அவரே விரலை விட்டுத் தடவியிருக்கிறார்.

விசாரணை அதிகாரி, “யோசிச்சு சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“ஹௌது சார். தப்பு என்னுது. மெஷின் மேல இல்ல.”

அதற்கு மேல் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. மாமாவின் மேலிருந்த குற்றச்சாட்டு விலகியது. அடுத்த வாரமே அப்பாவுக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. வேலை நீக்கம் என்றால் அவருடைய சர்வீஸ் முழுக்க மண்.

அன்று வீட்டில் எல்லாரும் இருந்தோம். மாமா தரையில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். நான் சாப்பிடவில்லை.

“யாரைக் காப்பாத்தப் பாக்கறீங்க?” என்று அப்பாவிடம் கேட்டேன். “இல்லாத நாட்டையா?”

“நாடு போச்சு. பேரு கீதில்ல.”

“எனக்காகத்தானே சொன்னாரு, உடு பாப்பா” என்றார் மாமா.

“உங்களுக்கு உண்மையே போதும் மாமா. அதைச் சொன்னாலே நீங்க தப்பிச்சிருப்பீங்க. பொய் சொன்னது அவங்களுக்காக.”

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “நீ படிச்சது அந்த மெஷின் போட்ட சோத்துல.”

“மாமா வெரலும் அது துன்ன சோறுதான்.”

அம்மா, “போதும், ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்று கத்தினாள். அப்பா வாசலில் போய் நின்றுகொண்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். தன்னைப் பலி கொடுத்தார் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். யாருக்குப் பலி? அந்தத் தூர ஊரில் ஸ்பிரிங் இல்லாமல் மூடி போட்டவர்களுக்கும், இங்கே ‘வீண்’ என்று எழுதியவர்களுக்கும் ஒரே நேரத்தில் விடுதலை வாங்கிக் கொடுத்தார். அவர்களில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை.

மற்ற மூன்று பிரஸ்களையும் திறக்க வேண்டும் என்று கேட்டேன். உற்பத்தி பாதிக்கும், தவறு யாருடையது என்றுதான் தெரிந்துவிட்டதே என்றார் மேனேஜர். நடு பிரஸ்ஸுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் இரண்டு ஸ்பிரிங் செய்து வாங்கிப் போட்டோம். ஒரே நாள் வேலை. அடுத்த நாள் முதல் அது அதே புதிய இலக்கில் ஓடியது.

அப்பாவின் விசாரணையில் நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். மகள் சாட்சி சொல்வதா என்று நிர்வாகத் தரப்பில் ஆட்சேபித்தார்கள். மாமாவுக்காக நான் வந்தபோது உறவு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பிரேக்கைத் திறந்த பொறியாளர் நான் ஒருத்திதான் என்று சொன்னதும், வேறு வழியில்லாமல் அனுமதித்தார்கள்.

அதே அறை. நீளமான மேஜை. மூலையில் டைப்ரைட்டர் முன் ஒரு அம்மா. குற்றம் சாட்டப்பட்டவர் நாற்காலியில் அப்பா, என்னைப் பார்க்காமல். முதலில் குழிகளைப் பற்றிச் சொன்னேன். தேய்ந்த பூச்சு, தேயாத பூச்சு, அவற்றின் பொருள். ஸ்பிரிங் அங்கே உட்கார்ந்ததே இல்லை, ஆகவே யாரும் அதைத் திரும்பப் போட மறக்கவும் முடியாது.

“அவளுக்கு இன்னா தெரியும் சார்?” என்று அப்பா குறுக்கிட்டார். “அப்ப அவ ஸ்கூல் போய்க்கினு இருந்தா.”

விசாரணை அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விசித்திரமான கேஸ். குற்றவாளி ஒப்புக்கறார், சாட்சி மறுக்கிறா.” டைப்ரைட்டர் தட்டிக்கொண்டே இருந்தது.

“அவர் பொய் சொல்றார் சார்” என்றேன். “அவர் செஞ்ச தப்பு வேற. திறக்க வேண்டியதைத் திறக்காம வெச்சது. நழுவுதுன்னு நானே சொன்னேன், நட்டைத் திருப்பினார். அது அவர் தப்பு, எழுதிக்கங்க. ஆனா ஆறு ஸ்பிரிங்கோட அந்த மெஷின் இத்தனை வருஷம் ஓடியும் ஒரு வெரல்கூட போகல. ஏன்னா ஆபரேட்டர்ங்க ஒரு மூச்சு விட்டுதான் கைய உள்ள விட்டாங்க. அந்த மூச்சை எடுத்தது யாரு?”

நிர்வாகத் தரப்பு அதிகாரி எழுந்தார். “இலக்கு விஷயம் இந்த விசாரணையோட வரம்புக்கு வெளியே.”

“ஆமாம்” என்றார் விசாரணை அதிகாரி. “அதை விடுங்க. பிரேக் பராமரிப்பு மட்டும் பேசுங்க.”

“பிரேக்கைப் பத்திதான் பேசறேன் சார். அந்த மூச்சுதான் பிரேக்கோட பாக்கி ரெண்டு ஸ்பிரிங். அங்க ஒருத்தன் எண்ணிக்கை காட்டறதுக்காக ரெண்டை எடுத்தான். இங்க நீங்க எண்ணிக்கை காட்டறதுக்காக மீதியை எடுத்தீங்க. ஸ்டாப்வாட்ச் வெச்சு அளந்து, வீண்னு பேரு வெச்சு—”

“அம்மா.”

“—இன்னும் மூணு பிரஸ் திறக்கல. அதுலயும் ஆட்கள் நிக்கறாங்க. அதுல எத்தனை ஸ்பிரிங் இருக்குன்னு இந்த அறையில யாருக்கும் தெரியாது.”

விசாரணை அதிகாரி மூலையைப் பார்த்துக் கையை அசைத்தார். டைப்ரைட்டர் சத்தம் நின்றது. அந்த அம்மா கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி நான் சொல்வது எதுவும் பதிவில் ஏறாது என்று எனக்குத் தெரிந்தது. அப்பா அப்போதுதான் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். போதும் கண்ணு, உட்கார் என்பதுபோல் கையைத் தாழ்த்திக் காட்டினார்.

நான் உட்காரவில்லை. மூன்று பிரஸ்களிலும் அன்றைய ஷிப்டில் நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.